முதல் பரிசு பெற்ற குழந்தை

விடியும்போதே எல்லம்மாவின் தலையில் பன்னிரண்டு செங்கல் ஏறியிருந்தது. ஜீவனஹள்ளிச் சூளையின் சூடு ஆறாத கல். சும்மாட்டைத் தாண்டி உச்சந்தலையைப் பொசுக்கும். அவளுடைய இரண்டு வயது ஜெயவேலு, ஓரமாகச் சாக்கில் கிடந்தான். அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

ஐம்பத்தேழாம் வருஷம். சூளை முதலாளி சுந்தரராமனுக்கு ஏழைக் குழந்தைகள்மேல் கருணை பொங்கிற்று. தேர்தல் நெருங்கினால் அவருக்கு அப்படிப் பொங்கும். ‘ஆரோக்கியக் குழந்தைப் போட்டி’ வைத்தார். பந்தல், மைக்செட், மாலை. முதல் பரிசு ஒரு டின் பால்மாவு. அதாவது, பால் தேவைப்படாத பிள்ளைக்குப் பால்.

எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகள் நடுவே ஜெயவேலுவின் கன்னம் மட்டும் உப்பியிருந்தது. கால் பருத்திருந்தது. சுந்தரராமன் அவனுக்கே மாலை போட்டார்.

“எல்லாம் நம்ம சூளைக் காத்து. எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான், பாருங்க.”

போட்டோ எடுத்தார்கள். மாலையின் பாரத்தில் குழந்தையின் தலை தொங்கிற்று.

கூட்டம் கலைந்ததும், போட்டிக்கு வந்திருந்த நர்ஸ் ஜோசபின் அவன் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழவில்லை.

“இது சதை இல்ல எல்லம்மா. சத்தில்லாம நீர் கோத்திருக்கு. என்ன குடுக்கிற?”

“ராகிக் கஞ்சி, நர்ஸம்மா. தண்ணியாத்தான்.”

“ஆஸ்பத்திரில இடமில்ல. கொதிச்ச தண்ணில பால்மாவக் கரைச்சு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊட்டு. வேளை தவறினா புள்ள தங்காது.”

மறுநாள் காலை, கல்லை இறக்கிவிட்டுப் பிள்ளையிடம் போனவளைச் சுந்தரராமன் மறித்தார்.

“எங்க போற?”

“பால் ஊட்டணும் சாமி. புள்ளைக்கு நோவு.”

“ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கின புள்ளைக்கு நோவா? பேப்பர்ல போட்டோ வந்தாச்சு. என் மானத்த வாங்கறியா? கல்லத் தூக்கு. இல்லன்னா நாளையிலிருந்து வராத.”

எல்லம்மா சாக்கில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். பின்னால் சுமையோடு வந்த லட்சுமம்மா சொன்னாள்: “நீ போடி. உன் நடையும் சேத்து நான் நடக்கிறேன்.”

“மத்தியான நடை என்னுது” என்றாள் அவளுக்கும் பின்னால் கல் சுமந்து நின்ற தனலக்ஷ்மி.

“ஒருத்தி வேலைய இன்னொருத்தி செய்ய இது என்ன சத்திரமா?” என்றார் சுந்தரராமன்.

“அப்ப யாரும் செய்யல.” லட்சுமம்மா கல்லை இறக்கி வைத்தாள். “எல்லாப் புள்ளைங்களுக்கும் ஊட்ட நேரம் வேணும். பேப்பர்ல வந்த புள்ள செத்தா, அதையும் போட்டோ புடிப்பீங்களா சாமி?”

சூளையில் கல் சுமக்கும் பதினேழு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். சுந்தரராமன் மேஸ்திரியைக் கூப்பிட்டார், போலீஸ் என்றார், வேறு ஆள் என்றார். அவர் பேச்சுக்கு முதன்முறையாக மைக் தேவைப்பட்டது.

எல்லம்மா ஊட்டிய முதல் கரண்டிப் பால் வெளியே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்கு அத்தனை பெண்களும் ஜெயவேலுவின் தொண்டையையே பார்த்தார்கள். மெல்ல இறங்கிற்று.

வாசலில் செங்கல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வேளைக்கு இன்னும் மூன்று மணி நேரம். யாரும் எழவில்லை.