பிறக்காதவரின் நாற்காலி

கீழ்மடுவூரில் இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வோர் ஆலையும், தன் நிர்வாகக் குழுவில் இன்னும் பிறக்காத ஒருவருக்கு நாற்காலி போட வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவர் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். ஆலை செய்ய நினைக்கிற காரியத்தைக் கேட்பார். சம்மதமென்றால் பெருவிரலை மையில் தொட்டுத் தீர்மானத்தின் கீழே வைப்பார். பிறக்காதவர்களின் விரலில் ரேகை கிடையாது. ஆகவே காகிதத்தில் வெறும் நீல வட்டம் விழும். அந்த வட்டம் இல்லாத தீர்மானம் செல்லாது.

இதையெல்லாம் ஆலைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துத் தொழில் நடத்தப் பழக்குவதுதான் மரகதவல்லியின் உத்தியோகம். முப்பத்து நான்கு வயது. அதே ஊரில் அம்மாவோடு குடியிருந்தாள். முதலாளிகள் அவளைக் கண்டதும் முதலில் காபி கொடுப்பார்கள், பிறகு காரணம் சொல்வார்கள். காபியை அவள் வாங்கிக்கொள்வாள்.

“பிறக்காதவங்ககிட்ட எந்த வருஷம் பிறப்பீங்கன்னு கேட்கக் கூடாது. தலைக்கு மேல காலண்டர் மாட்டக் கூடாது. முக்கியமா, பேர் வச்சிடக் கூடாது” என்று எல்லா ஆலையிலும் சொல்வாள். பெயர் விழுந்துவிட்டால் அவர் இந்தக் காலத்து ஆளாகிவிடுவார். இந்தக் காலத்து ஆட்கள்தான் ஆலையில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறார்களே.

நல்லதம்பியின் ஜவ்வரிசி ஆலைக்கு வந்துகொண்டிருந்தவள் நாற்பது வயது மதிக்கத்தக்க, அதிகம் பேசாத பெண். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்தபின் மிஞ்சும் புளித்த தண்ணீரை இருபது வருடமாக மடுவூர் ஏரிக்குத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார் நல்லதம்பி. மற்றபடி நல்ல மனிதர். அந்தத் தண்ணீரை மூடிய தொட்டியில் தேக்கினால் எரிவாயு கிடைக்கும், அதை வைத்தே ஜவ்வரிசியை வறுக்கலாம், விறகும் மிச்சம் என்று மரகதவல்லி வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தாள். அவர் அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்.

“இந்த ஒரு சீசன் மட்டும் ஏரிக்கு விட்டுக்கறேங்க” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்.

“நான் அதைத்தாங்க குடிக்கப்போறேன்” என்பாள் அந்தப் பெண். கையை மடியிலிருந்து எடுக்க மாட்டாள்.

நல்லதம்பிக்குக் கோபம் வராது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார். அங்கேதான் கோளாறு நேர்ந்தது.

அந்த ஆலையில் கிழங்குத் தோல் சீவும் பெண்கள் பதினெட்டுப் பேர். மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குழம்புச் சட்டி கை மாறும்போது, அடுத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஊற்றுவது வழக்கம். பெயர் சொல்லாமல் ஊற்றினால் நாய்க்கு ஊற்றின மாதிரி என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. பிறக்காதவளிடம் வரும்போது சட்டி நின்றுவிடும். ஏழு மாதமாக அவள் வெறும் சோறு தின்றுவிட்டு எழுந்து போனாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. எட்டாவது மாதம் அவளை மணையில் உட்காரவைத்து, நாக்கில் சர்க்கரை தடவி, காதில் மூன்று முறை ‘செல்லாயி’ என்று சொல்லி, குழம்பை ஊற்றிவிட்டார்கள்.

செல்லாயி கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களில் ரேகை ஓடியிருந்தது. சாயங்கால பஸ்ஸில் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. மறுநாளே அவளும் அரிவாள்மணை வாங்கிக்கொண்டு தோல் சீவ உட்கார்ந்தாள்.

மரகதவல்லி ஓடிவந்து பார்த்தபோது செல்லாயி பாதிக் கூடை முடித்திருந்தாள்.

“அந்தத் தண்ணி விஷயம் என்னாச்சு?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“ஒரு சீசன்தானேம்மா, விட்டுக்கட்டுமே. ஆலைய நிறுத்திட்டா நாங்க எங்க போறது?” என்றாள் செல்லாயி.

மரகதவல்லிக்குக் கோபம் வரவில்லை. துக்கமாக இருந்தது. அவள் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, அந்த ஏரியின் பேரில் பிறக்காதவர் வேறொருவரை அனுப்பும்படி கேட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. மடுவூர் ஏரித் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர்களின் பட்டியல் சீசனுக்குச் சீசன் குறைந்துவந்ததாகவும், கடைசியாக இருந்தவர் செல்லாயி ஒருவரே என்றும், இப்போது பட்டியல் காலி என்றும் தட்டச்சு செய்திருந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால் நாற்காலியை அகற்றிவிடலாம். பிறகு ஆலை யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடிதத்தை அவள் இரண்டு தரம் படித்தாள். அவள் பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர் அது. அவள் தெருக் குழாயில் இன்றைக்கும் அதுதான் வந்துகொண்டிருந்தது, லேசான புளித்த வாடையோடு.

வெள்ளிக்கிழமை அவள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் பிறப்பை ரத்துசெய்ய மனுக் கொடுத்தாள்.

“முழுசாவா, தற்காலிகமாவா?” என்று கேட்டார் எழுத்தர்.

“தற்காலிகமாத்தான்.”

“மறுபடி பிறக்கறது உங்க பொறுப்பு. அதுக்கு ஆபீஸ் ஜவாப்தாரி இல்ல. பெத்தவங்க சம்மதம் வேணும்.”

அப்பா காலமாகிவிட்டதால் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா சௌந்தரத்துக்கு அறுபத்தொரு வயது. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, “மத்தியானம் சாப்பிட வருவியா?” என்றாள்.

“வரமுடியாதும்மா. பிறக்காதவங்களுக்கு ஏது வீடு?”

“சரி, பண்ணிக்க. மேற்கொண்டு ஆகவேண்டியத நான் பாத்துக்கறேன்” என்றாள் அம்மா. எழுத்தர் முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்லதம்பி அவளை உற்றுப் பார்த்தார். பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுகொண்டது.

“உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்குதுங்களே.”

“இனிமேத்தாங்க பாப்பீங்க” என்றாள் அவள்.

தீர்மானத்தை வாசித்தார்கள். இந்த ஒரு சீசன் மட்டும் ஏரிக்கு. அவள் மாட்டேன் என்றாள். நல்லதம்பி மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் மாட்டேன் என்றாள். வெளியே செல்லாயியும் மற்றவர்களும் சீவுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்கள். ஆலையின் உரிமம் புதன்கிழமையோடு முடிகிறது, வட்டம் விழுந்த தீர்மானம் இல்லாமல் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பதினொன்றரை மணிக்கு நல்லதம்பி எழுந்துபோய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்த வரைபடத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தார்.

“கட்டித் தொலைக்கறேன், வைங்க” என்றார். தீர்மானத்தை மாற்றி எழுதியதும் அவள் விரலை மையில் தொட்டு வைத்தாள். வட்டம் சுத்தமாக விழுந்தது.

மத்தியானம் சௌந்தரம் ஆலைக்கு வந்தாள். யார் பெயரையும் சொல்லிக் கேட்கவில்லை. நாற்காலியில் இருந்தவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கொத்தனாரோடு நின்று பேசிக்கொண்டிருந்த நல்லதம்பியிடம் போனாள்.

“தொட்டி முடிய எத்தனை மாசம் ஆகுங்க?”

“பத்து மாசம் ஆகுங்கம்மா.”

சௌந்தரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள். “பத்து மாசம்னா சரியா இருக்கும்” என்றாள். கொட்டகை நிழலில் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, வாய்க்கு ஒரு மாதிரியாக இருப்பதாகவும், உப்பு தொட்டு ஒரு மாங்காய்க் கீற்று கிடைத்தால் தேவலை என்றும் செல்லாயியிடம் சொன்னாள்.

செல்லாயி நல்ல புளிப்பாகப் பார்த்து நறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.