இரண்டாவது துணைக்கேள்வி

நாடாளுமன்றத்தில் அவளுக்குக் கொக்கி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அமைச்சர்களின் அறைகளில் மட்டும், "இன்னிக்குக் கேள்வி நேரத்துல கொக்கி இருக்காங்களா?" என்று உதவியாளர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். இருக்கிறாள் என்றால் அமைச்சர் எழுதி வைத்த பதிலை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்துக்கொள்வார்.

அவையின் வழக்கம் இதுதான். உறுப்பினர் முன்கூட்டி அனுப்பிய கேள்விக்கு அமைச்சர் எழுதி வைத்த பதிலை வாசிப்பார். அதில் ஒரு மண்ணும் இருக்காது. அதிகாரிகள் நாலு பேர் சேர்ந்து உண்மையைப் பிழிந்தெடுத்துவிட்டுக் கொடுத்த வெறும் சக்கை அது. அதற்குப் பிறகுதான் ஆட்டம். கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்விகள் உண்டு. மற்ற உறுப்பினர்கள் அந்த இரண்டையும் தொண்டை கிழியக் கத்தியே வீணாக்கிவிட்டு, பெரிதாகச் சாதித்த மாதிரி துண்டை உதறிக்கொண்டு உட்காருவார்கள். இவள் முதல் துணைக்கேள்வியைப் பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கிற குரலில் கேட்பாள். அமைச்சரும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிவிடுவார். அந்த ஆமாமிலேயே மாட்டி இழுக்கும் இரண்டாவது கேள்வி. மூன்று அமைச்சர்கள் அப்படிப் பதவியை விட்டிருக்கிறார்கள்.

வீட்டில் அவள் வெறும் அக்கா, அண்ணி, அத்தை. கட்சி, தொகுதி என்று அலைந்ததில் கல்யாண வயது எப்போது போனதென்று அவளுக்கே தெரியாது. தம்பி டயர் கடை வைத்திருந்தான். அவன் வீட்டு மாடியில் இவள் குடியிருந்தாள். தம்பிக்கு ஒரே பையன். ஆளைவிடக் கால் நீளம் என்று அவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்து அத்தை மடியிலேயே கிடந்தவன். ராணுவத்தில் வண்டி ஓட்டுநராகச் சேர்ந்து, நட்பு நாடு ஒன்றுக்கு அனுப்பப்பட்டிருந்தான். அங்கே நம் வீரர்கள் பயிற்சி கொடுக்கத்தான் போயிருக்கிறார்கள், முகாம் வாசலைத் தாண்டுவதே இல்லை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். பையனின் ஒரு கை மட்டும் தோளிலிருந்து விரல்வரை கன்னங்கரேலென்று இருந்தது. மற்றக் கை பழைய நிறம்.

"முகாமுக்குள்ள உக்காந்திருக்கறவனுக்கு வெயில் ஒரு கையில மட்டும் எப்படிடா அடிக்கும்?" என்றாள்.

அவன் மழுப்பிப் பார்த்தான். அமைச்சர்களே தப்பாத இடத்தில் இவன் எம்மாத்திரம்? அம்மா சமையலறைப் பக்கம் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "தெனமும் வெளிய போறோம் அத்தை. சாமான் லாரிங்களுக்குக் காவலா ஆத்தோரமா ஒரு ரோட்டுல. வண்டிதான் சரியில்ல. அடித்தகடு ரொம்ப மெல்லிசு. கீழ கண்ணிவெடி கிண்ணிவெடி இருந்துச்சுன்னா தாங்காது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அவன் தோளுக்கு மேலே இன்னொரு தலை முளைத்தது. அவனுடைய வண்டியிலேயே போகும் சிநேகிதன். வாய் ஓயாததால் முகாமில் ரேடியோ என்று பெயர். "அத்தை, டிவில பாத்தேன், நீங்க பேசறப்ப கண்ணாடி மூக்குல வழுக்கி வழுக்கி எறங்குது. சம்பளம் குடுக்கறாங்கல்ல, ஒரு நல்ல கண்ணாடி வாங்குங்க" என்றான்.

"உன் வாய்க்கு ஒரு மூடி வாங்கினதுக்கு அப்புறம் வாங்கறேன்" என்றாள் அவள். மூவரும் சிரித்தார்கள்.

மறுநாளே கேள்வியை அனுப்பினாள். நட்பு நாட்டில் இருக்கும் வீரர்களின் வாகனங்கள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றனவா என்று ஒரு சாதுவான கேள்வி. கேள்விகளின் வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலில் அது முதலாவதாக வந்தது. முதலாவது என்றால் நேரம் போதவில்லை என்று யாரும் தப்பிக்க முடியாது; நேரடி ஒளிபரப்பும் உண்டு. இரண்டாவது துணைக்கேள்வியை அவள் குளிக்கும்போதும் காரில் போகும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வண்டிகள் முகாமைவிட்டு வெளியே போவது உண்மையா, அவற்றின் அடித்தகடு கண்ணிவெடியைத் தாங்குமா, தாங்காது என்று தெரிந்தே அனுப்பியது யார்?

கேள்வி நாளுக்கு முன்தினம் பாதுகாப்பு அமைச்சரின் உதவியாளர் கூப்பிட்டார். "ஐயா ஒரு டீ சாப்பிட வரச் சொன்னாருங்க."

பாதுகாப்பு அமைச்சர் நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. அயோக்கியனாக இருந்திருந்தால் அவள் ஒரு கை பார்த்திருப்பாள். அவர் முன்னாள் கண் மருத்துவர். யாரிடம் பேசினாலும், பயப்படாதீங்க, சின்ன ஆபரேஷன்தான் என்கிற தோரணையிலேயே பேசுவார். அறையில் ஏசி சத்தம், தேய்ந்துபோன சோபா, சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதை இவள் வருகிறாள் என்று திரைபோட்டு மூடியிருந்தார்கள்.

"உங்க கேள்வியைப் பாத்தேம்மா. பாக்க சாதுவாத்தான் இருக்கு. ரெண்டாவது துணைக்கேள்வி வண்டிக்கு அடியில வரும்னு நெனைக்கறேன்" என்றார்.

"தெரிஞ்சுதுன்னா பதிலைத் தயார் பண்ணி வெச்சுக்குங்க. எனக்கும் வேலை மிச்சம்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உங்க தம்பி பையன் அங்கதான இருக்கான்?" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"இல்லதான். ஆனா அவன் போற ரோட்டுல என்ன இருக்கு, ஏது இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்கு இருக்குமில்ல?" என்று நிறுத்தினார். பிறகு அந்த வாக்கியத்தை ஆரம்பித்தார். "குழு உறுப்பினர்ங்கற முறையில உங்களுக்கு ஒண்ணு சொல்றேன்."

இந்த வாக்கியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினர். ரகசியம் காப்பதாகப் பதவியேற்கும்போதே உறுதிமொழி எடுத்தவள். அமைச்சர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்துவிட்டால், அதற்குப் பின் கேட்பதெல்லாம் ரகசியம். அதை அவையிலும் பேச முடியாது, வீட்டிலும் பேச முடியாது. ஏற்கெனவே தனக்குத் தெரிந்திருந்த விஷயமாக இருந்தாலும் அதோடு பூட்டு விழுந்துவிடும். பேசினால் பதவியும் போகும், சிறைக்கும் போக வேண்டிவரும். எத்தனையோ கெட்டிக்கார உறுப்பினர்களை அமைச்சர்கள் இப்படி ஒரு கோப்பை டீயில் ஊமையாக்கியிருக்கிறார்கள். அந்த வாக்கியம் காதில் விழுந்ததுமே எழுந்துவிட வேண்டும் என்று புது உறுப்பினர்களுக்கு இவளே பாடம் எடுத்திருக்கிறாள். ஒருமுறை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தவள்தான்.

அமைச்சர் உடனே தொடரவில்லை. எழுந்து போக அவகாசம் கொடுத்தார். அந்த நியாயம் அவரிடம் இருந்தது.

அவள் எழவில்லை. கால் நீளமான ஒரு பையன், எங்கோ ஒரு ஆற்றோர ரோட்டில், ஒரு கையை வெளியே போட்டபடி வண்டி ஓட்டுகிறான். அங்கே என்ன இருக்கிறதென்று இந்த மனிதருக்குத் தெரியும். அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. தொகுதி, அவை, உறுதிமொழி எல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டன.

"சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். ஆமாம், வெளியே போகிறார்கள். ஆமாம், அடித்தகடு தாங்காது. புதுத் தகடுகள் வாங்கியாயிற்று, கப்பல் ஏறப்போகின்றன, இரண்டு மாதத்தில் மாட்டிவிடுவார்கள். "அந்த ரோட்டுல இதுவரைக்கும் வெடி எதுவும் வெக்கல. வண்டிக்கு அடியில மெல்லிசுன்னு எதிராளிக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு நீங்க அவைல கேட்டீங்கன்னா தெரிஞ்சிடும். தகடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி வெடி போய்ச் சேந்துடும்மா."

அது பொய்யென்று இன்றுவரை அவளால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அமைச்சர் பதிலை வாசித்தார். அவள் முதல் துணைக்கேள்வியாகப் பராமரிப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கிறது என்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். சபாநாயகர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இரண்டாவது துணைக்கேள்வி" என்றார். அவை முழுக்க அடங்கியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் காதில் கையைக் குவித்துக்கொண்டார்.

துணைக்கேள்வியை விட்டுக்கொடுக்கிறவர் சும்மா உட்கார முடியாது. அதற்கென்று அந்த அவையில் ஒரு சொற்றொடர் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

"அமைச்சரின் பதில் எனக்குத் திருப்தி அளிக்கிறது, சபாநாயகர் அவர்களே" என்றாள்.

வீட்டுக்குப் போனால் தம்பி மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன அண்ணி, ரெண்டாவது கேள்வி கேக்கவேயில்ல? கடையில எல்லாரையும் டிவி முன்னாடி உக்கார வெச்சிருந்தாரு உங்க தம்பி."

"நேரமாயிடுச்சும்மா."

"நேரம் நெறைய இருந்துச்சே. கடியாரத்தைக் காட்டினாங்களே." அவள் குற்றமாகச் சொல்லவில்லை, வெகுளியாகத்தான் சொன்னாள். கொக்கி தலைவலி என்று மாடிக்குப் போய்விட்டாள். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சிலும் அவள் அதிகம் கலந்துகொள்ளவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. அவள் பாதுகாப்பு அமைச்சரை நடைபாதையில் மடக்கினாள். "துறைமுகத்துல இருக்கும்மா. வெளியுறவுத் துறை அந்த நாட்டுகிட்ட ஒரு அனுமதி வாங்கணும், அது ஒண்ணுதான் பாக்கி" என்றார். வெளியுறவு அமைச்சரிடம் போனால், "அப்படியா? எங்களுக்கு அவங்க ஒண்ணுமே அனுப்பலையே" என்றார். இரண்டு பேரையும் அவையில் நிறுத்தி நாறடித்திருக்கலாம், ஒரே கேள்வியில். வாயில்தான் பூட்டு. ஆசையாகத் தானே மாட்டிக்கொண்ட பூட்டு. யாரைச் சொல்லி நோவது?

வெடி யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே வந்தது. ஆற்றோர ரோட்டில், மதியம், நெட்டை ஓட்டிய வண்டிக்கு அடியில். தகடுகள் அப்போதும் துறைமுகத்தில்தான் இருந்தன.

அவனை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. ரேடியோவைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

ராணுவ ஆஸ்பத்திரியில் அவள் முதல் நாள் போனபோது அவன் மயக்கத்தில் இருந்தான். அடுத்த வாரம் தம்பியும் மனைவியும் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்து, "அத்தை, அழாதீங்க. பாதி நெட்டை மிச்சமிருக்கேன்ல" என்றான். அவளுக்கு அதற்கு மேலும் அழுகை வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவனே பேசினான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அத்தை. அம்மா அப்பாகிட்ட சொல்ல முடியாது. ரேடியோவை நான்தான் கொன்னுட்டேன்."

"என்னடா பேச்சு இது? வெடி வெச்சது யாரோ, நீ என்ன பண்ணுவே?"

"கேளுங்க அத்தை. நாங்க எல்லாருமா சேந்து கேப்டன்கிட்ட போறதா இருந்தோம். தகடு மாத்தற வரைக்கும் ஆத்து ரோடு வேணாம், மலை ரோட்டுல சுத்திப் போறோம்னு சொல்றதுக்கு. ரேடியோதான் ஆள் சேத்தான். கேப்டன் நல்லவரு, கேட்டிருப்பாரு. அன்னிக்குத்தான் உங்க கேள்வி டிவில வந்துச்சு. மொத்த முகாமும் உக்காந்து பாத்தோம். எங்க அத்தை இப்ப அமைச்சரை மாட்டி இழுப்பாங்க பாருங்கடான்னு நான் எல்லாருக்கும் சொல்லி வெச்சிருந்தேன். நீங்க திருப்தின்னு சொல்லிட்டு உக்காந்துட்டீங்க."

அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன், எங்க அத்தை லேசுல திருப்தின்னு சொல்ற ஆளில்லடா, உள்ள நல்லா விசாரிச்சிருப்பாங்க, வண்டி சரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு. ரேடியோ ஒத்துக்கல. உங்க அத்தையும் அரசியல்வாதிதானடான்னான். நான் அவனை அடிக்கவே போயிட்டேன். அப்புறம் யாரும் கேப்டன்கிட்ட போகல. அவன் சொன்னதை நான் கேட்டிருந்தா இன்னிக்கு உயிரோட இருப்பான்."

இப்போது அவளுக்கு இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டால் பதவி இருக்கும், பெயர் இருக்கும். இந்தப் பையன் சாகிறவரை நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டே கிடப்பான். வாயைத் திறந்தால் பூட்டை உடைத்த குற்றம், இரண்டும் போகும்.

"வண்டி சரியில்லன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள். "கேள்வி கேக்கறதுக்கு முதல் நாளே அமைச்சர் சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் திருப்தின்னு சொன்னேன்."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. "ஏன் அத்தை?"

"அப்ப இருந்த சூழ்நிலையில" என்று ஆரம்பித்தாள். எத்தனை அமைச்சர்கள் அவளிடம் ஆரம்பித்த வாக்கியம் அது. அவளுக்கே நாக்கு கூசியது. நிறுத்திவிட்டு, "கேட்டா உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்துட்டேன்" என்றாள்.

"எனக்கு மட்டுமா?" என்றான் அவன்.

இருபது வருஷமாக அடுத்தவர்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவள், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். நர்ஸ் வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பாமலேயே பேசினான். "நாளைக்கு ரேடியோ அம்மா என்னைப் பாக்க வர்றாங்க. கடைசியா என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. என்னால முடியாது. நீங்களே சொல்லிடுங்க அத்தை."

"சொல்றேன்" என்றாள் அவள்.