வடக்குச் சுவரில் பெர்சி

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள எங்கள் கிராமத்துத் தேவாலயத்தில் கூரை ஒழுகி, வடக்குச் சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. பல நூறு ஆண்டுகளுக்கு முன், மதச் சண்டைக் காலத்தில் வெள்ளையடித்து மறைத்த நரக ஓவியம் உள்ளே இருந்தது. பிசாசுகள் பாவிகளைக் கொப்பரையில் வேகவைத்துக்கொண்டிருந்தன. ஒரு பாவிக்கு, கூரை வேலைக்காரர் பெர்சி தர்லோவின் மூக்கும் தொந்தியும் அப்படியே இருந்தன. கையில் பீர்க் குவளை வேறு.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெர்சி கோவில் பக்கமே வந்ததில்லை. அவர் மனம் புண்படுமே என்று பாதிரியார் படத்துக்குத் திரை போட்டார். கோவிலைப் பராமரிக்கும் வினிஃபிரெட் அம்மாளோ மதுக்கடைக்கே போய் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

பெர்சி வந்து, திரையை விலக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"எங்க பாட்டன்ல யாரோதான். வேகுறப்பவும் குவளைய விடல, பாத்தீங்களா!" என்றார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"வெக்கமா இல்லையாப்பா உனக்கு?" என்றார் வினிஃபிரெட்.

"எதுக்கும்மா வெக்கம்? உங்காளுங்க யாராச்சும் சுவத்துல இருக்காங்களா?"

பாட்டன் நனையக் கூடாதென்று பெர்சி மறுநாளே ஏணி போட்டுக் கூரையைச் சரிசெய்தார். வினிஃபிரெட் அம்மாள் பூதக்கண்ணாடியோடு அதே ஓவியத்தில் சொர்க்கம் வரைந்திருந்த பக்கம் தன் சாயலைத் தேடினார். அங்கே பூஞ்சணம் மட்டுமே இருந்தது.