காக்கைச் சோறும் விளக்கப் பிரிவும்

1

இந்தக் கதை ஒரு கைப்பிடிச்சுவரில் தொடங்கியது. மயிலாப்பூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். பக்கத்து மாடியில், காக்கைக்கு வைத்த சோற்றை ஒரு நாய் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. காக்கை ஓரமாக நின்று பார்த்தது. நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகச் சேர்த்தது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: தாரணிக்கு வீடு தர ஊரில் யாருமே இல்லை, ஏனென்றால் அவளிடம் ஒரு

நிறுத்திவிட்டேன். மூக்கைச் சிந்துகிற வரி.

2

மறுபடியும். தாரணி இளம் வழக்கறிஞர். சுப்புலக்ஷ்மி மாமியின் வீட்டில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறாள். தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு கிழட்டு நாயைத் தூக்கிவந்து பட்டாணி என்று பெயர் வைத்தாள். மாமி கண்டும் காணாமல் இருந்தார்.

[மாமியை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். ஆனால் அவர் பாட்டு வகுப்பு எடுக்கும்போது பட்டாணி படியில் தூங்கும்; ஒருநாளும் விரட்டியதில்லை. அது தெரிந்த பிறகு அந்தப் பத்தியைக் கிழித்தேன்.]

அமாவாசை வந்தது. மாமி சமைத்து, காலமான கணவரை நினைத்து, இலைத்துண்டில் சோறு வைத்துக் "கா, கா" என்று கூப்பிட்டார். முதலில் வந்தது பட்டாணி.

"மத்த நாள்னா போறதுன்னு விட்டுடுவேன். இன்னிக்கு அவருக்கு வச்சதுடி!"

"மத்த நாளும் திங்குதா மாமி?"

"தெனம்! இந்த மாசத்தோட அக்ரிமெண்ட் முடியறது. நாய் இல்லேன்னா கையெழுத்துப் போடு. இருந்தா ரெண்டு பேரும் கெளம்புங்கோ."

ஆழ்வார்பேட்டையிலிருந்து கொட்டிவாக்கம் வரை தாரணி விசாரித்தாள். "நாயா?" என்றதும் போன் கட்டாகிவிடும்.

3

இங்கே கொஞ்சம் விளக்கம். (எனக்கு மிகவும் பிடித்த இடம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

விலங்கு வளர்க்கும் வாடகைதாரர்களுக்காக ஒரு சட்டமன்ற உறுப்பினர், அரசு சார்பில் அல்லாமல் தாமாகக் கொண்டுவர நினைக்கும் தனிநபர் மசோதாவைத் தாரணிதான் எழுதிக்கொண்டிருந்தாள். மசோதாவில் விளக்கப் பிரிவு முன்னால் நிற்கும். இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள் என்று அது சொல்லிவிடும். பின்னால் வரும் பிரிவுகளெல்லாம் அதற்குக் கட்டுப்படும். மாடித் தொட்டியின் வால்வு மாதிரி. அங்கே கூடுதலாகத் திறந்துவிட்டால் கீழே கடைசிக் குழாய் வரை கொட்டும்.

அவள் எழுதியது: "பராமரிப்பவர் என்பது, ஒரு விலங்குக்கோ பறவைக்கோ வழக்கமாக உணவளிப்பவரைக் குறிக்கும்."

அன்று மதியம் ஒரு கனவு. மயிலாப்பூர்க் காக்கைகளெல்லாம் குளத்துப் படிகளில் வரிசையாக இறங்குகின்றன. ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு வாடகை ஒப்பந்தம். தண்ணீர் அசையவில்லை. இந்தக் கனவைத் தாரணிக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கண்டது நான்தான்.

4

வரைவை மாமிக்கு வாசித்துக் காட்டினாள் தாரணி. மாமி தாளத்தை நிறுத்தினார்.

"இதுப்படி பார்த்தா மயிலாப்பூரே காக்கா வளர்க்கறதுன்னு ஆயிடுமேடி!"

தாரணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப பட்டாணியப் பராமரிக்கிறது யாரு மாமி? தெனம் சோறு வைக்கிறது நீங்கதான?"

"அது திருடித் திங்கறது. நானா கூப்பிட்டுப் போட்டேன்? வக்கீல் புத்தியை எங்கிட்ட காட்டாதே."

மாமி சொன்னது சரி. தாரணி மாடிக்குப் போய் 'பறவைக்கோ' என்பதை அடித்தாள். 'தெரிந்தே' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாள்: தெரிந்தே, வழக்கமாக உணவளிப்பவர். வால்வு சரியானது. அவளுடைய வாதம் போயிற்று.

5

எழுதிப் பார்த்த முடிவுகள். மசோதா நிறைவேறி (தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் நிறைவேறுவதில்லை, அடித்துவிட்டேன்). கிண்டியில் நல்ல மனதுள்ள ஒரு வீட்டுக்காரர் (அவரை எங்கே போய்த் தேடுவேன்?).

எனவே மாதத்தின் கடைசிக் காலை. கடல்காற்றில் கொடித்துணிகள் மெல்ல ஆடுகின்றன. மாமி மாடியேறி வருகிறார். சுவரில் இலையை வைக்கிறார், "கா, கா." காக்கை வந்துவிட்டது. பட்டாணி தலையைத் தூக்கிப் பார்க்கிறது. தாரணி கதவோரம், கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே.

மாமி பட்டாணியின் பக்கம் திரும்புகிறார். பாத்திரத்தில் இன்னும் ஒரு பிடிச் சோறு மீதி இருக்கிறது. அதை அள்ளிய கை பாதி வழியில் நிற்கிறது.

அந்தக் கையை என்னால் அசைக்க முடியவில்லை. நான் அசைத்தால், அது மாமி தெரிந்தே செய்ததாகாது. நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.