எங்கள் வீட்டில் தங்காதீர்கள்

கூரை ஒழுகும் என்றேன். எலி உண்டு என்றேன். கழிப்பறைக்குப் போக யாக் கொட்டிலைத் தாண்டி வழுக்குப் பாறையில் கால் வைக்க வேண்டும், போன வருடம் ஒருவர் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார் என்றும் சொன்னேன். பல் மட்டும் பொய்.

அந்தப் பெண் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "எலியெல்லாம் எனக்குப் பழக்கம்தான்க்கா. எனக்கு இந்த மாதிரி நெஜமான வீடுதான் வேணும்."

நெஜமான வீடாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பெயர் பிரபினா. காட்மாண்டுக்காரி, பனிச்சிறுத்தையைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. கூட வந்த வழிகாட்டி லால்பீர் கீழ்ப்பள்ளத்தாக்கு ஆள். வருடத்துக்கு நாலு தடவை எங்கள் ஊர் ஏரியைப் பார்க்க யாரையாவது கூட்டி வருவான். எங்கள் ஊர் வழக்கமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. குளிர் இறங்கிவிட்டதால் ஊரே யாக்குகளை ஓட்டிக்கொண்டு கீழே மேய்ச்சலுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். திறந்திருந்தவை இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது. இன்னொன்று நம்டாக் அண்ணனுடையது: புது மெத்தை, சோலார் விளக்கு, பலகைத் தரை. கண் உள்ள எவரும் அங்கேதான் போவார்கள்.

"அங்க போங்கம்மா, உங்களுக்கு நல்லா இருக்கும்" என்றேன். கையைப் பிடித்து இழுக்காத குறை.

லால்பீர் கண்ணைச் சிமிட்டினான். "என்னக்கா, நம்டாக்குக்கு நீங்களே ஆள் பிடிச்சுக் குடுக்குறீங்களா? இன்னைக்குக் கட்டாயம் மழைதான்."

"நீ வாயை மூடு."

மறுநாள் விடிந்ததும் நான் கிளம்ப வேண்டும். மூன்று நாள் நடந்தால் ஜூபால் விமானத்தளம். வெள்ளிக்கிழமை விமானம். அதை விட்டால் பனி எல்லாவற்றையும் மூடிவிடும், பிறகு வசந்தத்தில்தான். என் மகள் பல்மோவை ஐந்து வயதில் காட்மாண்டுப் பள்ளி விடுதிக்கு அனுப்பினோம். இப்போது அவளுக்குப் பதினொன்று. ஆறு வருடமாக நான் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கிளம்பும் நேரத்தில் ஏதாவது ஒன்று குறுக்கே விழும். மாமனார் சாவு, யாக்குகளுக்கு நோய், நிலச்சரிவு. இந்த வருடம் ஒன்றும் விழவில்லை என்று நினைத்திருந்தேன். பிரபினா வந்து சேர்ந்தாள்.

வாசலில் வந்து நிற்பவரிடம் இடமில்லை என்று சொல்வது எங்கள் ஊரில் கிடையாது. அவர்களாக வேண்டாம் என்று போனால் பழியில்லை. அதனால்தான் என் வீட்டை நானே அத்தனை கேவலப்படுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து அவள் இருமினாள். மலையேறி வந்தவர்களுக்கு வரும் வறட்டு இருமல், நிற்கவே இல்லை. பாவமாக இருந்தது. ஒரு கிண்ணத்தில் வெண்ணெய் டீயை ஊற்றி நீட்டினேன். ஒரு மடக்கு குடித்தாள். குறைந்த கிண்ணத்தைப் பார்த்தால் எங்கள் கை சும்மா இருக்காது, நிரப்பினேன். பாதைப் பனியைப் பற்றி லால்பீரிடம் கேட்டுக்கொண்டே, அவள் இன்னொரு மடக்கு குடித்ததும் மறுபடியும் நிரப்பினேன்.

"அக்கா" என்றான் லால்பீர் மெதுவாக. "மூணு ஊத்திட்டீங்க."

டீப் பாத்திரத்தைப் பட்டென்று கீழே வைத்தேன். ஓர் அடுப்பின் டீயை மூன்று முறை ஊற்றிக் குடித்தவர், ஊரை விட்டுப் புறப்படும்வரை அந்த வீட்டு விருந்தாளி. வேறு வீட்டில் அவருக்கு உலை வைத்தால் அது திருட்டு. விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்குப் போவதும் கிடையாது. சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். இந்தப் பாழாய்ப்போன கைக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாள் இருப்பீங்கம்மா?"

"பன்னெண்டு நாள்க்கா."

நேராக நம்டாக் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பொண்ண நீங்க கூட்டிக்கங்க."

"எத்தனை கிண்ணம்?"

"மூணு."

கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் மனுஷன். "டோல்கரு, ரெண்டு வருஷம் முன்னாடி உன் புருஷன் இதே வாசல்ல நின்னு விருந்தாளித் திருடன்னு கத்தினானே, மறந்துட்டியா? உங்க வீட்ல தங்கின அந்த ஜப்பான்காரர் எங்க வீட்ல ஒரு உருளைக்கிழங்கு தின்னாரு. ஒத்த உருளைக்கிழங்கு!"

"பல்மோவப் பாக்கப் போகணும்ணே."

அவர் சிரிப்பு நின்றது. அவருடைய இரண்டு பையன்களும் காட்மாண்டு விடுதியில்தான் இருக்கிறார்கள். "போகத்தான் வேணும்" என்றார். "ஆனா ஊர்க்காரன் திரும்பி வந்ததும் என்னைக் கிழிச்சிடுவான். அவ ஊரை விட்டுப் போனா சரி. இல்லாட்டி நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

வீட்டுக்குத் திரும்பி, பாத்திரங்களை ஆத்திரம் தீர உருட்டினேன். மூன்றாவது மூடி விழுந்ததும் பிரபினா எழுந்து வந்தாள். "என் மேல ஏதாவது கோவமாக்கா?"

அவ்வளவுதான். கொட்டித் தீர்த்துவிட்டேன். விமானம், பனி, பல்மோ, ஆறு வருடம் எல்லாம். வந்த விருந்தாளி முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

"அய்யோ, எலியப் பத்தி அவ்ளோ சொன்னீங்க, பொண்ணப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையேக்கா!" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் எங்கயாவது வெளிய படுத்துக்கறேன்."

"வெறச்சுப் போயிருவீங்க" என்றான் லால்பீர். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான். "அக்கா, ஊரை விட்டுப் புறப்படற வரைக்கும்னுதான பேச்சு? புறப்படட்டுமே."

அப்படியே செய்தோம். நான் முறைப்படி அவள் கழுத்தில் வெள்ளைத் துண்டு போட்டு வழியனுப்பினேன். அவள் பையைச் சுமந்துகொண்டு, இருமிக்கொண்டே, ஊர்வாசல் ஸ்தூபியைத் தாண்டிப் பாதை திரும்பும் இடம்வரை போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தாள். நம்டாக் அண்ணன் தன் வாசலில் நின்று, முன்பின் பார்த்தே இராதவர் மாதிரி, "அடடா, எந்த ஊரும்மா நீங்க? இந்தக் குளிர்லயா வந்தீங்க? உள்ள வாங்க, டீ குடிங்க" என்றார். அப்படியொரு நடிப்பு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வெளிச்சம் இருக்கும்போதே மேட்டில் ஏறினேன். அங்கேதான் ஃபோனில் சிக்னல் கிடைக்கும். விடுதிக்குக் கூப்பிட்டேன். வார்டன் அவளிடம் கொடுத்தார்.

"பல்மோ! அம்மா வர்றேன்டி. வெள்ளிக்கிழமை."

பள்ளிக்கூட நேபாளியில் வந்தது குரல். "சரிங்க. வந்தா எங்க தங்குவீங்க?"

நான் எங்கள் பாஷையில் பேசினேன். அவளுக்குப் புரிந்தது போலிருந்தது. அதில் பதில் சொல்ல வரவில்லை.

"ஹாஸ்டல் பக்கத்துல ரெண்டு லாட்ஜ் இருக்குங்க. பெரிய லாட்ஜ் சுத்தமா இருக்கும், வெந்நீர் வரும். மத்த பேரண்ட்ஸ் எல்லாம் அங்கதான் தங்குவாங்க. இன்னொண்ணு வேணாம், நல்லா இருக்காது. சனிக்கிழமை ரெண்டுலருந்து நாலு மணி வரைக்கும் எங்களப் பாக்க விடுவாங்க."

ஊருக்குப் புதிதாக வருபவரிடம் பேசுவது போலப் பேசினாள். பெற்ற வயிறு எரிந்தது. அவளைக் கோபித்து என்ன ஆகப் போகிறது? அனுப்பியவள் நான்தானே.

"அந்த நல்லா இல்லாத லாட்ஜ்லருந்து பாத்தா உங்க ஹாஸ்டல் தெரியுமா?" என்று எனக்குத் தெரிந்த நேபாளியில் கேட்டேன்.

யோசித்தாள். "தெரியும். மொட்டை மாடிக்குப் போனா நாங்க வெளையாடறதுகூடத் தெரியும்."

"அப்ப அங்கயே எனக்கு ஒரு ரூம் சொல்லி வை."

"சரி" என்றாள். பிறகு, "எத்தனை நாளைக்குன்னு சொல்ல?"

"பனி உருகற வரைக்கும்னு சொல்லு."