நெளிந்த வெள்ளைக் கோடு

என் மனைவி யதுர்ஷிகாவின் வயிற்றில் கட்டி என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு யாரைக் கண்டாலும் எரிச்சல்தான். மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றால் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் பப்பாசி இலைச் சாறு கொடுக்கச் சொல்வார். இன்னொருவர் தன் சித்தப்பா எப்படிச் செத்தார் என்று விபரமாகச் சொல்வார். வயலில் நெல் வெட்டுப் பருவத்தில் நின்றது. அதைப் போய்ப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. தொப்புளுக்குக் கீழே கல்லுப்போல ஒன்று தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த சிடி ஸ்கானில் தேங்காயளவு கட்டி. பெரும்பாலும் கான்சராக இருக்கும், கொழும்புக்கு அனுப்பி ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் மகளுக்கு ஐந்து வயது. அதைக் கேட்டு வீட்டுக்கு வந்த யதுர்ஷிகா, தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள மகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவேன்.

கொழும்புக்கு அனுப்ப முன்னம், ஸ்கான் படம் வாசிக்கிற டொக்டர் தயாளினி எங்களைக் கூப்பிட்டார். யதுர்ஷிகா வார்ட்டில் படுத்திருக்க, நானும் மாமியும் போனோம். மாமி என்றால் அவளுடைய தாய் ஜெகதீஸ்வரி. அப்பா இல்லாத பிள்ளையைத் தனியாக வளர்த்த மனுசி. வாயைத் திறந்தால் இலேசில் மூடமாட்டார்.

"இதிலை பாருங்கோ," என்று டொக்டர் திரையைக் காட்டினார். சாம்பல் நிறக் கட்டிக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நெளிந்து கிடந்தது.

"கட்டிக்குள்ளை சுண்ணாம்பு படியிறதுதான். ஆனா அது பொட்டுப் பொட்டாக் கண்டபடி கிடக்கும். இது ஒரே தடிப்பிலை மடிஞ்சு மடிஞ்சு போகுது. பக்கத்திலை சின்னச் சின்னக் காத்துக் குமிழ். எனக்கு இது சதை மாதிரித் தெரியேல்லை. சுருட்டி வைச்ச துணி மாதிரிக் கிடக்கு."

எனக்குக் கோபம் வந்தது. வயிற்றுக்குள் துணி எப்படிப் போகும்? இந்த மனுசி படித்துத்தான் வந்ததோ என்று நினைத்தேன்.

"முதல் எப்பவாவது வயித்தைத் திறந்தவையோ?"

"அப்பென்டிக்ஸ்," என்றார் மாமி, கேள்வி முடிய முன்னம். "சின்னனிலை."

"உங்கடை மகளும் அப்பிடித்தான் சொன்னவா. அம்மா, அப்பென்டிக்ஸுக்கு வலப்பக்கம் கீழைதான் வெட்டுறது. பிள்ளைக்கு நடுவாலை நீட்டுக்குத் தழும்பு கிடக்கு."

ஏழு வருசமாக அந்தத் தழும்பை நானும் பார்த்துத்தான் வருகிறேன். அப்பென்டிக்ஸ் எந்தப் பக்கம் என்று வயல்காரனுக்கு என்ன தெரியும்? மாமி என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒருக்கா வெளியாலை நில்லுங்கோ."

"நான் ஏன் போகவேணும்? என்ர மனிசி."

டொக்டர் பொறுமையாகச் சொன்னார். "நீங்கள் சொல்லாட்டி நான் கட்டியெண்டுதான் எழுதவேணும். ஊசி குத்துவினம். உள்ளுக்கை சீழ் இருக்கும் போல கிடக்கு. அது வயிறு முழுக்கப் பரவினால் பிள்ளையைக் காப்பாத்துறது கஷ்டம்."

மாமி கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார். "அவள் காயப்பட்டவள்," என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சென்றால் சாதகத்துக்கும் முன்னம் கேட்கிற கேள்வி அது. பிள்ளை காயப்பட்டதோ? ஓம் என்றால், ஆயுதம் தூக்கி இயக்கத்தில் இருந்ததோ என்பது அடுத்த கேள்வி. அதோடு மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். என் அம்மாவும் கேட்டிருக்கிறார். மாமி இல்லை என்றிருக்கிறார். காயப்பட்டபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, செல் விழுந்து வெடித்த இடத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

"சண்டையின்ர கடைசி நேரம். ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குள்ளை வைச்சு வெட்டினவை," என்றார் மாமி. "கட்டுத் துணி முடிஞ்சுது, இருக்கிற சீலையைத் தாங்கோ எண்டவை. என்னட்டை இருந்ததைக் குடுத்தன். கிழிச்சு அவிச்சவை. மேலாலை கட்டத்தான் எண்டு நினைச்சன். அடுத்த நாள் திரும்பத் திறக்கவேணும் எண்டும் சொன்னவை. விடிய முன்னம் அந்த இடத்துக்கும் செல் வந்திட்டுது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினனான்."

"ரத்தத்தை நிப்பாட்ட உள்ளுக்கை அடைஞ்சிருக்கினம்," என்றார் டொக்டர்.

கொழும்புப் பயணம் நின்றது. இங்கேயே வெட்டினார்கள். சத்திரசிகிச்சை செய்த டொக்டர் குகதாசன் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வெளியே வந்து, "கான்சர் இல்லை," என்றபோது நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

கிண்ணத்துக்குள் சீழில் ஊறிய மண்ணிறத் துணிச் சுருள். டொக்டர் கையுறை விரலால் ஓரத்தைத் துடைத்தார். மஞ்சளாக மின்னியது.

"சரிகைக் கரை. இந்தக் கம்பிதான் படத்திலை கோடாத் தெரிஞ்சிருக்கு. வெறும் துணியெண்டால் நாங்களும் கட்டியெண்டுதான் நினைச்சிருப்பம்."

மாமி எட்டிப் பார்த்தார். "என்ர கூறை," என்றார்.

எங்கள் கலியாணத்தன்று யாரோ கேட்டதற்கு, தன் கலியாணக் கூறைச்சேலை சண்டைக்குள் ஓடி வந்த வழியில் துலைந்துவிட்டது என்று சொன்னவர். மாமியின் புருசன் செல்வநாயகமும் அந்த ஓட்டத்தில் அதே கிழமைதான் செத்துப்போனார். அவருடைய படம்கூட வீட்டில் இல்லை.

"டொக்டர், பரிசோதிச்சு முடிய இதிலை ஒரு துண்டு தருவியளோ? அவர் எடுத்துத் தந்ததிலை வேறை ஒண்டும் என்னட்டை இல்லை."

டொக்டர் என்னைப் பார்த்தார். மாமியோடு இனி முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். "குடுங்கோ டொக்டர்," என்றேன்.

யதுர்ஷிகாவுக்கு மயக்கம் தெளிய, பக்கத்தில் போய் நின்றேன்.

"கான்சர் இல்லை," என்றேன். "பழைய காயத்திலை விட்ட துணி."

அவள் சந்தோசப்படுவாள் என்றுதான் நினைத்தேன். முகம் வெளிறிப்போனது. கட்டி என்று சொன்ன நாளில்கூட அவள் அப்படிப் பயந்து நான் காணவில்லை.

"அம்மா சொல்லிப்போட்டாவோ?"

"ஓம்."

அவள் கண்ணை மூடினாள். "அப்ப பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டை போகட்டோ?"

சாகிறதென்றாலும் இதைச் சொல்லாமல் சாகத்தான் இருந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"விசர்க்கதை கதையாதை," என்றேன். "வீட்டை வந்து பிள்ளைக்கு நீயே தலையைப் பின்னிவிடு."