பெயர் தெரியாமல் உள்ளே போகக் கூடாது

காரை விட்டு இறங்கியதுமே பிலோமினாவின் மூக்கில் லியோனலின் சென்ட் வாசனை ஏறியது. மல்லிகையா, எலுமிச்சையா, என்ன கண்றாவியோ. எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது! ஆவி இருக்கிறதா என்று பார்க்கப் போகிற இடத்துக்கு வாசனை பூசிக்கொண்டு வரக் கூடாது. யாராவது ஒருத்தர் 'பூ வாசம் வருது' என்று அலறுவார், அரை நாள் வீணாகும். அவளுடைய ஆவி ஆராய்ச்சிக் குழுவின் விதிகளிலேயே சுலபமானது அதுதான். மற்றவையும் ஒன்றும் மலையைப் பெயர்க்கிற வேலை இல்லை. தனியாக எங்கும் போகாதே. ஆவியைச் சீண்டாதே. உன் வயிறு கடமுடா என்றால் உடனே 'என் வயிறு' என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் ரெக்கார்டரில் அது பேயாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுமதி கேட்காமல் வாசலைத் தாண்டாதே. பிலோமினா பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக் ஒன்றில் தலை நரைக்கும்வரை நர்ஸாக இருந்தவள். மயங்கிக் கிடக்கிற நோயாளியைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுப்பாள். செத்துப்போனால் மட்டும் மனுஷனுக்கு மரியாதை குறைந்துவிடுமா என்ன?

"ரெண்டே ஸ்ப்ரே லா, பெரியம்மா," என்றான் லியோனல். தங்கை மகன். வேறு யாராவது இருந்திருந்தால் இவனைச் சேர்த்திருக்கவே மாட்டாள்.

"பொண்ணு பாக்கவா வந்திருக்க? போ, கழுவிட்டு வா. அந்த ஃபோன உள்ள வை."

மூன்றாவது ஆளான நிஜாம், எலக்ட்ரீஷியன், பெட்டியிலிருந்து மீட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கடவுள் ஒரு கையால் லியோனலைக் கொடுத்து மறு கையால் நிஜாமைக் கொடுத்திருக்கிறார் என்று பிலோமினா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

கிள்ளான் பக்கத்தில் மேரு என்ற ஊரில் அது பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலை. பின்பக்க ஸ்டோரில், மேல் அடுக்கிலிருந்து பெட்டிகள் சரிந்து விழுந்து ஒரு தொழிலாளி செத்துப்போயிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். அவரோடு வேலை பார்த்தவர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தான். கொஞ்ச நாளாக ஒருத்தரும் ஸ்டோருக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறார்கள். தள்ளுவண்டி தானாக நகருகிறதாம். மேனேஜர் ஹென்றி, கிள்ளான் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்து பாத்து ஆவி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க ஆன்டி," என்று கெஞ்சியிருந்தான். திங்கட்கிழமையும் அவர்கள் உள்ளே போகாவிட்டால் அத்தனை பேரையும் ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதுதான் அவளைச் சனிக்கிழமை மத்தியானத்தில், இந்த வெயிலில், இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

"இறந்தவர் பேரு என்னா, ஹென்றி?"

"பேரா?" ஹென்றி கழுத்தைச் சொறிந்தான். "என்னமோ கிருஷ்ணனோ முருகனோ... எதுக்கு ஆன்டி? பேய்க்கு ஐசி கார்டு செக் பண்ணணுமா?"

"உங்க வீட்டு வாசல்ல நின்னு, 'ஏய், யார்ரா உள்ள, வெளிய வா'ன்னு நான் கத்துனா நீங்க வருவீங்களா?"

"ஒரு மணி நேர வேலை லா, ஆன்டி. கொஞ்சம் சாம்பிராணி காட்டுங்க, அவனுங்க பாக்குற மாதிரி. முடிஞ்சது."

சாம்பிராணியாம்! பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டோர் வாசலில் கூடியிருந்த தொழிலாளர்களிடம் போய்க் கேட்டாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "அண்ணன்னுதாங்க கூப்பிடுவோம்," என்றார் ஒருவர். கூட ஒரே அறையில் படுத்தெழுந்த மனிதனின் பெயர் தெரியாதாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி வேண்டாமா? கதவுக்கு உள்ளே, வெளியிலிருந்தே கை எட்டும் தூரத்தில், அடுக்கின் கால் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் வைத்திருந்தார்கள். தேநீர் ஆறவில்லை. தினமும் தேநீர் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பெயர் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

அவள் இங்கே தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து லியோனலின் குரல் வந்தது. "ஹலோ பிரதர்! தைரியம் இருந்தா அந்த ட்ராலியத் தள்ளிக் காட்டு, பாப்போம்!"

பிலோமினா வாசலில் நின்றபடியே, "டேய்!" என்று போட்ட சத்தத்தில் நிஜாம் மீட்டரையே நழுவவிட்டான். "வெளிய வாடா, எருமை! தலையில ஹெல்மெட் இல்ல, மேல பெட்டி எப்படி நிக்குதுன்னு பாக்கல, இதுல சவால் வேறயா? முதல்ல தலைக்கு மேல இருக்கறதப் பாரு, பேய அப்புறம் பாக்கலாம்." லியோனல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். தொழிலாளர்களில் சிலர் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

தள்ளுவண்டியின் கதை அதிக நேரம் நிற்கவில்லை. நிஜாம் வாசலில் மண்டியிட்டு ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தான். அது யோசிக்காமல் உருண்டு எதிர்ச் சுவரில் முட்டியது. தரை சரிவு. பின்னால் லோரி வந்து முட்டி நிற்கும்போதெல்லாம் தரை அதிர்ந்து வண்டி நகர்ந்திருக்கிறது. ஹென்றிக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா! செட்டில்! சொல்லுங்க ஆன்டி, இவனுங்ககிட்ட சொல்லுங்க."

சொன்னாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு முன்னால் நின்றவர், "வண்டிக்கு நாங்க பயப்படலைங்கக்கா," என்றார்.

"அப்புறம் எதுக்குப் பயம்?"

"அவரு தினம் காலையில வேலைக்கு வராருங்க."

பிலோமினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, சாமி! வராருன்னா யாரு வராரு? பேரச் சொல்லுங்களேன்! நான் என்ன போலீஸா?" அவளை அறியாமல் குரல் உடைந்தது. "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு உள்ள போகணும். அவ்வளவுதான்பா."

அந்தக் குரல் உடைந்ததுதான் ஏதோ செய்திருக்க வேண்டும். அவர் தரையைப் பார்த்தபடி, "ராதாகிருஷ்ணன்," என்றார்.

அப்பாடா. பிலோமினா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, சிலுவை போட்டு, கதவருகே நின்று குரலை உயர்த்தினாள். "ராதாகிருஷ்ணன்!"

"யெஸ், பாஸ்!"

பதில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. லியோனல் நிஜாமின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிலோமினா மெதுவாகத் திரும்பினாள். கூட்டத்தின் கடைசியில் ஒல்லியான ஒரு மனிதர், தான் சொன்னதைத் தானே கேட்டு மிரண்டவராக, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கழுத்தில் அடையாள அட்டை. அதில் வேறு ஒரு மனிதரின் படம். கீழே ராதாகிருஷ்ணன் என்ற பெயர்.

"உங்க பேரு என்னா?"

"ராமலிங்கம், மேடம்." சொல்லிவிட்டுத் தன் பெயர் சரிதானா என்று யோசிப்பவர்போல நின்றார். "புதுசா வந்தப்போ இதக் குடுத்தாங்க."

"புது கார்டு போட மாசக்கணக்குல இழுக்குது, ஆன்டி," என்றான் ஹென்றி அவசரமாக. "அது சும்மாதான கெடந்துச்சு. கேட் தொறந்தாப் போதும்னு குடுத்தேன்."

முன்னால் நின்றவருக்கு இப்போது வாய் திறந்துகொண்டது. "காலையில ஆள் கணக்கு எடுக்கறப்போ அவரு பேரக் கூப்பிடுறாங்க, இவரு யெஸ் பாஸ்ங்கிறாரு. ஸ்டோருக்குத்தான் பேரு போடுறாங்க, அதே எடத்துக்கு. செத்தும் மனுசனுக்கு லீவு இல்லன்னா அவரு எப்படிங்கக்கா போவாரு? வெளிய சொன்னா இவர ஊருக்கு அனுப்பிடுவாங்களேன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தோம்."

லியோனலின் வயிறு கடமுடா என்றது. "என் வயிறு," என்றான் அவன் மெல்ல.

பிலோமினாவுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "ஆவி இல்லன்னு சொல்லச் சொன்னீங்க, ஹென்றி. எப்படிச் சொல்லுவேன்? நீங்கதான் அத வேலைக்கு வச்சிருக்கீங்களே." ஹென்றி ஃபோனை எடுத்துக்கொண்டு யாரையோ கூப்பிடப் போனான்.

ராமலிங்கம் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"யோசிச்சுச் செய்ங்க," என்றாள் பிலோமினா. "வேலை போயிடும்."

"போனா என் பேருல போகட்டும், மேடம்."

பிலோமினா மறுபடி கதவைப் பார்த்து நின்று, "ராதாகிருஷ்ணன், நாங்க கொஞ்சம் உள்ள வரோம், கோவிச்சுக்காதீங்க," என்றாள். இந்தத் தடவை யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் உள்ளே போனார்கள். ராமலிங்கம் அட்டையை அடுக்கின் கம்பியில், தேநீர்க் கோப்பைக்கு மேலே மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடியும் மணி அடித்தது. விடுதிக்குப் போகும் பஸ் வெளியே வந்து நின்றது. பிலோமினாவின் கார் கேட்டுக்கு வெளியே இருந்தது. லியோனல் பெட்டிகளை ஏற்றினான், சொல்லாமலே. வெளியே போகும் வரிசையில் முதல் ஆளாக ராமலிங்கம் வந்து நின்றார். கேட் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"காட் மானா?" என்று காவலாளி அட்டையைக் கேட்டார். இவர் வெறுங்கையை விரித்தார். "நாமா?" என்று அடுத்துப் பெயரைக் கேட்டார்.

"ராமலிங்கம்."

காவலாளி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "தடா," என்று உதட்டைப் பிதுக்கினார். அப்படி ஒரு ஆளே இல்லை.

பக்கத்து வழி காலியாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் அட்டையைக் கையில் பிடித்திருந்தார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ்காரன் ஹாரனை நீட்டி அடித்தான். ஏறப்போன பிலோமினா கார்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தாள். சிவப்பு விளக்கு அணையவில்லை. ராமலிங்கம் இரண்டு கைகளாலும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, தன் பெயரை மறுபடியும் சொன்னார்.